பாதை காட்டியவர் பெயர்

பூந்தோங், ஈப்போ
12 ஜனவரி 2025

மச்சான் ஜெயபாலனுக்கு,

என் நம்பரைத் தடுத்துவிட்டாய். நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டாய். சரி, நேரில் பேசலாம் என்று சுங்கை சிப்புட்டுக்கு வந்தால் உன் மனைவி சரளா வாசலை மறித்துக்கொண்டு, "அவரு லோடு ஏத்தப் போயிட்டாருண்ணே" என்கிறாள். லாரி அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண்ணை ஏன் இதற்குள் இழுக்கிறாய்? இனி எனக்கு மிச்சம் இருப்பது தபால்காரர்தான். கடிதம் எழுதி முப்பது வருடம் ஆகிறது. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி புக்கிட் தியோங் குன்றின் அடிவாரத்தில் அந்தச் சண்டையின் நினைவுப் பலகையைத் திறந்து வைத்தபோது நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உட்கார வைத்தவனே நான்தான். நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாய். உனக்கு வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் நாற்காலியிலேயே கிடந்தது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஹார்ட்வேர் கடை ஸ்டோரில் ஆணி எண்ணி ஓய்வு பெற்றவன் நான். கடந்த ஆறு வருடமாக இந்தக் குன்றின் கதையைத் தேடுவதும், பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சொல்வதும்தான் எனக்கு வேலை. 1941 டிசம்பரில் சயாம் எல்லையைத் தாண்டி ஜப்பான்காரன் கிரிக் சாலையில் இறங்கி வந்தபோது, அவனை ஒரு நாளாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்று நூறு சிப்பாய்கள் அங்கே நின்றார்கள். பாதிப் பேர் பஞ்சாபிகள், மீதிப் பேர் வெள்ளைக்காரர்கள். குன்றைச் சுற்றி நம் ஓடக்கரைத் தோட்டம். காலையிலிருந்து சாலைப் பக்கமாக ஏற முடியாத ஜப்பான்காரன் மத்தியானம் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றான். ரப்பர் நிரைகளுக்குள் நம் ஆட்கள் பால்வாளி தூக்கிப் போகிற ஒற்றையடிப் பாதை அது. வெளியூர்க்காரனுக்குத் தெரிய வழியே இல்லை. யாரோ காட்டியிருக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. பெரியவர் இராமையா, அப்போது பதினான்கு வயது, கண்ணால் பார்த்தவர். தொண்ணூற்று ஆறு வயதில் ஈப்போ முதியோர் இல்லத்தில் படுத்துக்கொண்டு என் போனில் பேசினார். "பாதை காட்டினது இராமசாமி. குன்றுக்கு மேல அவனுக்கு சிகரெட்டு குடுத்தாங்க." அவ்வளவுதான் சொன்னார். 1943இல் இராமையாவை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் வேறு தோட்டத்தில் குடியேறிவிட்டார், அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அதோடு நான் விட்டுவிடவில்லை. 1947ஆம் வருடத்துச் செக்ரோல் ஒன்று கிடைத்தது. வேலையாட்கள் பெயர் முழுவதும் அதில் இருக்கிறது. தோட்டம் முழுக்க ஒரே ஒரு இராமசாமி. உன் அம்மாவைப் பெற்ற தாத்தா.

மச்சான், அவரை நான் துரோகி என்று சொல்லவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு பால்மரம் வெட்டுகிறவரால் என்ன செய்ய முடியும் என்றுதான் சொன்னேன். நம் ஆட்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் ஒருவரையாவது உள்ளே கொண்டு வந்தேன், அவர் உன் தாத்தாவாக இருந்தார். என் தாத்தாவாக இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். சவரிமுத்து தாத்தாவிடம் சின்ன வயதில் அந்தக் குன்றைப் பற்றிக் கேட்டால் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார், ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்துதான் நம் சரித்திரம் போனது.

சிகரெட் வாங்குகிற இடத்தை நான் கையை நீட்டிக் குனிந்து காட்டும்போது கூட்டம் சிரித்தது. வெயிலில் நிற்கிறவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க நான் செய்கிற வேலை அது. உனக்கு அதுதான் குத்தியது என்றால் இனி செய்ய மாட்டேன். போனை எடு.

ஆம்புரோஸ்


சுங்கை சிப்புட்
25 ஜனவரி 2025

ஆம்புரோஸ்,

சிகரெட்டை விட்டுவிடுகிறாயாம். பெரிய மனசு.

போனில் உன்னிடம் பேசினால் கடைசியில் நீ பேசியதுதான் சரி என்று ஆகிவிடும். எட்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

உன் பேச்சை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இங்கே எல்லார் போனிலும் இருக்கிறது. லோடு இறக்கப் போன இடத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "அண்ணே, ஒரு சிகரெட்டு" என்றான். அடித்திருப்பேன். அவனுக்கு என் மகன் வயது.

அம்மா பக்கத்து வீட்டில்தான் இதைக் கேட்டிருக்கிறாள். வந்து, அந்த வீடியோவைப் போடு என்றாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை கேட்டாள். பிறகு, "எங்கப்பா அன்னைக்கு அங்க இல்ல" என்றாள். "குண்டு போட்ட அன்னைக்கே எங்களத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள போயிட்டாரு. மூணு நாளு கழிச்சித்தான் லயத்து வீட்டுக்கு வந்தோம்." அப்போது அவளுக்கு மூன்று வயது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றாள். அப்போ பாதை காட்டியது யார் என்று கேட்டேன். "அது எதுக்கு உனக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் தாத்தாவுக்குப் படைப்போம். உனக்கே தெரியும், எத்தனை வருடம் வந்து சாப்பிட்டிருக்கிறாய். இந்த வருடம் இலை போட்டு, கறி வைத்து, எல்லாம் ஆன பிறகு அம்மா எழுந்து போய் அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "அவரு என்னப் பாத்து கேப்பாரு. நான் என்ன சொல்லுவேன்" என்றாள். யாரும் சாப்பிடவில்லை.

அவளுக்கு எண்பத்தாறு முடிந்துவிட்டது. இருதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கண்ணை மூடும்போது அந்தப் பேர் அந்தப் பலகையில் இருக்கக் கூடாது. நீ எழுதினாய், நீ எடு. எடுத்த பிறகு நீ யாரோ நான் யாரோ.

ஜெயபாலன்


பூந்தோங்
16 பிப்ரவரி 2025

ஜெயா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. படத்தைத் திருப்பி வைத்தது என்னைக் கொன்றுவிட்டது. அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நானும் எத்தனை வடை தின்றிருக்கிறேன்.

திங்கட்கிழமையே பலகை வைத்த அலுவலகத்துக்குப் போனேன். சின்னப் பையன் ஒருத்தன், மலாய்க்காரன், மரியாதையானவன், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். அந்தப் பெயர் தவறாக இருக்கலாம், எடுக்க வேண்டும் என்றேன். "பாக் சிக், சூராட் அடா?" என்று கேட்டான். பெரியவரே, கடிதம், பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று. நான் இல்லை என்றேன். அவன் ஒரு கோப்பை எடுத்துத் திறந்து என் பக்கம் திருப்பினான். இராமையாவின் பேச்சை நான் எழுதிக் கொடுத்தது, செக்ரோல் நகல், கீழே என் கையெழுத்து. இதை ரத்து செய்ய வேண்டுமானால் இதற்குச் சமமாக இன்னொன்று கொண்டு வாருங்கள் என்கிறான். அவன் சொல்வது நியாயம்தான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். நான் கட்டிய வேலியில் என் வேட்டியே மாட்டிக்கொண்டது. இராமையாவிடம் போய்த் திரும்பக் கேட்கலாம் என்றால் அவர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அங்கிருந்து நேரே குன்றுக்குப் போனேன். கூட்டம் இல்லாமல் தனியாக நான் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. ரப்பர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. உச்சியில் போன் கோபுரம் ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கிறது. சிப்பாய்கள் தோண்டிய குழிகள் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டன, மழைத் தண்ணீரில் கொசு. கூட்டம் இருந்தால் இங்கே நின்று, 'இந்தக் குழியில்தான் கடைசி ஆள் விழுந்தார்' என்று குரலை இறக்கிச் சொல்வேன். எந்தக் குழி என்று எனக்கு எப்படித் தெரியும்? சும்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

அந்தக் குழி ஓரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. மேலே நின்றவனும் வேற்று ஊர்க்காரன், ஏறி வந்தவனும் வேற்று ஊர்க்காரன். பஞ்சாப்பிலிருந்து வந்தவனுக்கு இந்தக் குன்றின் பேர்கூடத் தெரிந்திருக்காது. தோட்டம் லண்டன் கம்பெனியுடையது. நம் ஆட்களுக்கு அங்கே சொந்தம் என்று இருந்தது அந்த ஒற்றையடிப் பாதை ஒன்றுதான், தினமும் நடந்து நடந்து அவர்கள் காலால் போட்டது. அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு மேலே கிடந்த நாற்பத்தாறு உடல்களைப் புதைக்கவும் நம் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். எண்பத்து மூன்று வருடம் கழித்து நான் போய், சொன்னவர் பேர் என்ன என்று கேட்கிறேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் ஜெயா, வெட்கம் பத்திரம் ஆகாது. எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. உன் அம்மா ஐந்து நிமிடம் போனில் பேசட்டும். அன்றைக்கு அப்பா எங்கே இருந்தார், உண்மையில் போனவர் யார், அவ்வளவு போதும். அதை எழுதி எடுத்துக்கொண்டு நான் அந்தப் பையன் முன்னால் போய் நிற்கிறேன். அவர் இல்லை என்றால் வேறு ஒருவர் இருந்தாக வேண்டும் அல்லவா?

ஆம்புரோஸ்


சுங்கை சிப்புட்
23 மார்ச் 2025

ஆம்புரோஸ்,

அம்மா பேச மாட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கையால் தள்ளிவிட்டாள். "என் அப்பா இல்லன்னு சொல்லுவேன். யாருன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். யாரென்று சொல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள் என்று நானும் உன்னைப் போலவே பேசிப் பார்த்தேன். "நம்பாட்டி போகட்டும்" என்றாள். அப்படிச் சொன்னவள் திரும்பிப் படுத்து அழுதாள்.

போன வாரம் நம் மாரியம்மன் கோயில் திருவிழா. தோட்டம் விற்றபோது சாலை ஓரத்துக்கு மாற்றிக் கட்டினோமே, நீயும் சிமெண்ட் மூட்டை கொடுத்தாய். கரகம் இறங்கினதும் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்குக் கட்டுவது வழக்கம். தாத்தா காலத்திலிருந்து. இந்தத் தடவை தலைவர் தனேஸ்வரன் ஒருநாள் முன்னாடியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வருசம் மட்டும் வேணாம்லா, ஜெயா. சின்னப் பசங்க வீடியோ எடுத்துப் போட்டு கேலி பண்ணுவாங்க. கோயில் பேரு கெட்டுப்போகும்." அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் சரி என்றேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவன் தலையில் துணி கட்டும்போது என்னைத் தேடினாள். நான் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் மூச்சு வாங்கியது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில்தான், ஆனால் எழுந்து நடப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்று கேட்டாள். "ஆம்புரோஸ் அத்தை ரோசரி, அவ இன்னும் இருக்காளா?" பாகான் செராயில் மகள் வீட்டில் இருப்பதாக நீ எப்போதோ சொன்ன ஞாபகம், இருக்கிறாள் என்றேன். "அவ இருக்கும்போது நான் பேசக் கூடாது" என்றாள். எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் பார்.

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பேரை எடு.

ஜெயபாலன்


பூந்தோங்
12 ஏப்ரல் 2025

ஜெயா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

பாகான் செராய்க்குப் போனேன். தவக்காலம் என்பதால் அத்தை மீன்கூடச் சாப்பிடாமல் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். எண்பத்தொன்பது வயது, ஆனால் நினைவு சுத்தமாக இருக்கிறது. ஜெயா அம்மா மாரியம்மா உங்களைக் கேட்டார் என்று மட்டும்தான் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டார். "மாரியம்மாவ எதுக்குப் போட்டு வதைக்கிறீங்க" என்றார். உள்ளே ஏதோ அவிழ்ந்துகொண்ட மாதிரி அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

நம் தோட்டத்தில் இராமசாமி இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடும்போது இரண்டு பேரும் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள், எல்லாரும் சிரிப்பார்களாம். ஒருவர் உன் தாத்தா. இன்னொருவர் என் தாத்தா. சவரிமுத்து என்பது 1946இல் ஞானஸ்நானம் எடுத்தபோது அவருக்கு வைத்த பேர். கப்பல் ஏறும்போதே நாங்கள் வேதக்காரர்கள் என்று என் அப்பா சொல்லி வளர்த்தார். அதை நம்பி நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். 1947ஆம் வருடத்துச் செக்ரோலில் ஒரே ஒரு இராமசாமி. ஆமாம். இன்னொருவர் அந்தப் பேரை ஒரு வருடம் முன்னாடியே விட்டுவிட்டார். அந்தத் தாளில் சவரிமுத்து என்ற பேரையும் நான் பார்த்தேன். அட, நம் தாத்தா என்று விரலால் தடவிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்கு அஞ்சு வயசு. அப்பாவும் நானும் மட்டும்தான் லயத்துல. அம்மா தம்பியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தாங்க. சப்பான்காரன் வந்தான். அப்பாவ அடிக்கல்லாம் இல்ல. என் கையப் பிடிச்சிக்கிட்டான். பாக்கெட்டுலேருந்து மிட்டாய் எடுத்துக் குடுத்தான். குன்றக் காட்டினான், நடன்னு காட்டினான். அப்பா முன்னால நடந்தாரு. நான் மிட்டாய் தின்னுக்கிட்டே அவன் கையப் பிடிச்சிக்கிட்டு பின்னால போனேன். அப்பா ரெண்டு அடிக்கு ஒருக்கா திரும்பித் திரும்பி என்னப் பாத்தாரு. எனக்கு என்ன தெரியும். ருசியா இருந்துச்சி."

மேலே போனதும் சுட ஆரம்பித்திருக்கிறார்கள். முடிந்த பிறகு ஒரு சிப்பாய் என் தாத்தா வாயில் சிகரெட்டை வைத்துப் பற்றவைத்தானாம். அவர் கையை நீட்டவில்லை, ஜெயா. அவர் இரண்டு கையாலும் அத்தையைத் தூக்கி வைத்திருந்தார். நான் இரண்டு வருடமாகக் கையை நீட்டிக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்க வைத்தேன்.

இரண்டு நாள் பிணம் புதைத்தார். அதற்குப் பிறகு பெரட்டில் இராமசாமி என்று கூப்பிட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டாராம். உன் தாத்தா ஒருவர் குரல்தான் கேட்கும். ஜப்பான்காரன் போன பிறகு மாதா கோயில் சாமியாரிடம் போய், வேறு பேர் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் பேர்தான் கேட்டார், வேதம் அதோடு வந்தது என்று அத்தை சொல்கிறார். எனக்கு இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நேற்று மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "பாக் சிக், அன்றைக்கு அவர் பெயர் இராமசாமிதானே?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் பலகையில் பிழை ஒன்றும் இல்லையே." பலகையில் யாருடைய தாத்தா என்று போட்டிருக்கவில்லை. 'இராமசாமி, ரப்பர் வெட்டும் தொழிலாளி' என்று மலாயிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது, அவ்வளவுதான். இன்னார் என்று சொன்னது என் வாய். அதை எங்கே போய் அழிப்பது?

சரி, கீழே ஒரு வரி சேருங்கள், பின்னாளில் சவரிமுத்து என்று அழைக்கப்பட்டவர், என் தாத்தா என்று போடுங்கள் என்றேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் பலகை மாற்றுவார்களாம். அதுவும் இருக்கட்டும். கிளம்பும்போது அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. "எங்கப்பா செத்தப்பகூட அந்தப் பேரு கல்லறையில இல்ல. அது எங்கப்பாதான்னு நீ கொண்டுபோய் அந்தப் பலகையில எழுதிராதே. நான் போற வரைக்குமாவது எழுதாதே." உன் அம்மாவைக் காப்பாற்ற நான் வாயைத் திறந்தால் என் அத்தையின் கழுத்தை நெரித்த மாதிரி. திறக்காவிட்டால் உன் அம்மா.

ஒரு டின் பெயின்ட் வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். பூசினால் அடுத்த மாதமே அதே கோப்பை எடுத்து அதே பேரை அச்சடித்துவிடுவார்கள். வீடியோவில் போனதைப் பெயின்ட் என்ன செய்யும்? வீடியோ போட்டவனைக் கண்டுபிடித்து எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டான், நல்ல பையன். ஆனால் அது இதற்குள் எத்தனையோ போனுக்குப் போய்விட்டது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஜெயா. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன். திட்டுவதானாலும் எழுது.

ஆம்புரோஸ்


சுங்கை சிப்புட்
4 மே 2025

ஆம்புரோஸ்,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது. அம்மா கட்டிலைக் கூடத்தில் போட்டிருக்கிறோம். உடம்புதான் போய்விட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அதனால் லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போஸ் லாஜூ விரைவுத் தபாலில் போடுகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும்.

உன் கடிதத்தை அத்தை சொன்ன கதை வரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அலுவலகத்து விஷயத்தைப் படிக்கவில்லை. உன் தாத்தா என்ற இடம் வந்ததும், "தெரிஞ்சிபோச்சா" என்றாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தோட்டத்தில் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியுமாம். சண்டை முடிந்த மறு வாரம் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டிச் சூடம் ஏற்றினார்களாம். யார் போனது என்று வெளியே ஒருத்தரும் சொல்லக் கூடாது, பிள்ளைகளையும் அப்படியே சொல்லி வளர்க்க வேண்டும் என்று சூடம் அடித்துச் சத்தியம். முதலில் கையை வைத்து அணைத்தவர் என் தாத்தா. "அவரு பேருக்காரருக்காக அவரு அடிச்ச சூடம். அதப் போய் நான் எப்பிடி உடைப்பேன்" என்றாள். இராமையா அப்போது சின்னப் பையன், அவரைக் கூட்டத்துக்குள் விடவில்லை. அதனால்தான் அவர் உன்னிடம் சொல்லிவிட்டார்.

நான்கு மாதமாகத் தன் அப்பா பேரைத் தெருவில் போட்டு மிதிக்கும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. உன் அத்தைக்காக. உன் தாத்தாவுக்காக. அதைக் கேட்டதும் எனக்கு உன் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்றும் வரவுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் வேண்டாம் என்றார். சரளாவும் நானும் காரில் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். குன்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா" என்றாள். அவள் மனதில் அது பெரிய மலையாக இருந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் இறக்கிப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவளுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது, அது உனக்கே தெரியும். "எங்கப்பா பேரு எங்க இருக்கு, காட்டு" என்றாள்.

நான் முழுக்கப் படித்தேன். சண்டை, தேதி, செத்தவர்கள் கணக்கு, பாதை காட்டிய தொழிலாளி. பேர் வந்த இடத்தில் நிறுத்தாமல் தாண்டிப் படித்தேன். "பேரு இல்லம்மா. எடுத்துட்டாங்க. ஆம்புரோஸ் போய்ச் சொல்லி எடுக்க வச்சிட்டான்" என்றேன். சரளா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா கையை நீட்டி அந்தப் பலகையைத் தடவினாள். பேர் மேலேயும் தடவினாள். பிறகு, "அப்ப அவன் தாத்தா பேரப் போட்டுட்டானா?" என்று கேட்டாள். இல்லை, யார் பேரும் இல்லை என்றேன். "அதான் நல்லது. பாவம், அந்த மனுசன் புள்ளைக்காக நடந்தாரு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் தாத்தா படத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேற்றிலிருந்து உன்னைக் கேட்கிறாள். "ஆம்புரோச வரச் சொல்லு. அவன்தானே எழுதுனான், அவன் வாயால சொல்லட்டும்." என் முகத்தில் ஏதோ பார்த்துவிட்டாள் போல. எனக்குப் பொய் வராது, சரளாவுக்கும் வராது. படத்தை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

டாக்டர் இந்த வாரத்துக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வா. வழக்கமாக உட்காருகிற மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள், நான் சொன்னதையே சொல். குரலை இறக்கி, மெதுவாக, அந்தக் குழிக்கு முன்னால் நின்று சொல்வாயே, அந்த மாதிரி சொல். இத்தனை பேர் உன் பேச்சை நம்பினார்கள். அம்மாவும் நம்புவாள்.

ஜெயபாலன்